உறைகளில் அச்சிட்ட பெயர்

சென்ற ஆய்வின் பொருட்டு நாம் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தபோது, பண்டகசாலையின் மூலையில் இரண்டு மூட்டை காகித உறைகள் கிடக்கக் கண்டோம். சேலைகளை மடித்து வைத்துக் கொடுப்பதற்காக அச்சிட்டவை, நல்ல கனமான காகிதம், ஒன்றுகூடக் கசங்கவில்லை. இருப்புப் புத்தகத்தில் வரவு வைக்கப்பட்டிருந்தன; செலவு மட்டும் எழுதப்படவில்லை. ஏன் உபயோகிக்கவில்லை என்று வினவியதற்கு மேலாளர் தயங்கியவாறே ஓர் உறையை எடுத்து அதன் அடிப்புறத்தைக் காட்டினார். சங்கத்தின் இணையப் பெயர் அங்கே அச்சாகியிருந்தது. அந்தப் பெயர் இப்போது சங்கத்தினுடையது அன்று.

நடந்தது இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் அச்சங்கத்தின் அங்கத்தினர் ஒருவருடைய மகன், கணினிக் கல்வி பயின்ற இளைஞர், தம் வீட்டுப் பரணில் ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினி ஒன்றை வைத்து, சங்கத்தின் சேலை மாதிரிகளையெல்லாம் அதில் ஏற்றினார். கரையின் அகலம், புட்டாவின் அளவு, நிறச் சேர்க்கை, கையிருப்பிலுள்ள உருப்படிகள் ஆகிய யாவற்றையும் வெளியூர் வியாபாரிகள் இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. சங்கத்திற்கு ஒரு காசு செலவில்லை. பெயரையும் அவரே தம் பணத்தில் வாங்கினார். பிறகு அவருக்குத் தொலைவிலுள்ள நகரத்தில் வேலை கிடைத்தது. வீட்டார் இணைய இணைப்பை வேறொரு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டார்கள். அன்று முதல் பெயரைத் தேடி வந்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. அதைத் திருத்த வேண்டுமானால் பெயரை வாங்கிய கணக்கிற்குள் நுழைய வேண்டும். அக்கணக்கோ, இளைஞர் எப்போதோ கைவிட்டுவிட்ட பழைய தொலைபேசி எண்ணுக்கே ரகசிய எண்ணை அனுப்பிக்கொண்டிருந்தது. புதுப்பிக்கும் தேதியும் கடந்தது. சில மாதங்களில் முன்பின் அறியாத ஒருவர் அப்பெயரை வாங்கிவிட்டார். சங்கத்தின் மின்னஞ்சலும் அதே பெயரில் இருந்தபடியால், வழக்கமாகக் கொள்முதல் செய்யும் வியாபாரி ஒருவர் அனுப்பிய ஆர்டர் வந்து சேரவில்லை. பதில் வராதது கண்டு அவர் வேறிடத்தில் கொடுத்துவிட்டார். ஒரு மாதத்திற்கு மேல் சில வீடுகளுக்குப் பாவு கொடுக்க இயலாமற் போயிற்று.

அந்த இளைஞரிடம் குறை காண நமக்கு மனமில்லை. அவர் செய்தது முழுவதும் உபகாரம். ஆனால் நிர்வாகக் குழுவினரில் ஒருவராவது, ‘அந்தப் பெயர் யார் பேரில் இருக்கிறது, தம்பி?’ என்று ஒரு முறை கேட்டதில்லை. கிடங்கு கட்ட இரண்டு சென்ட் நிலம் வாங்கினால் பட்டாவைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் குழுவினர்தாம் அவர்கள். பெயர் என்பது என்ன, அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது தெரியாத காரணத்தால்தான் கேட்கத் தோன்றவில்லை. மாதிரிகளையோ மஞ்சள் ஏல விலைகளையோ வெளியூரார் பார்க்கும்படி சங்க அலுவலகத்திலோ அங்கத்தினர் வீட்டிலோ சிறு சர்வர் வைக்க விரும்பும் சங்கங்கள் இருப்பதால், அதனைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

இணையத்தில் சேர்ந்துள்ள ஒவ்வோர் இணைப்பிற்கும் ஓர் எண் உண்டு. அதனை ஐ.பி. எண் என்பர். 203.0.113.10 என்பது போல நான்கு பகுதிகளாகப் புள்ளியிட்டு எழுதுவது வழக்கம். (நாம் இங்கே காட்டிய எண், உதாரணம் கூறுவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட வரிசையைச் சேர்ந்தது, எவர் வீட்டினுடையதும் அன்று.) வியாபாரி தம் கைபேசியில் சங்கத்தின் பெயரைத் தட்டும்போது, கருவிக்கு உண்மையில் வேண்டியது இந்த எண்தான். பெயரைக் கொடுத்து எண்ணைப் பெறும் ஏற்பாடே டி.என்.எஸ். எனப்படுவது.

ஆதியில் இந்த ஏற்பாடு இல்லை. இணையத்திற்கு முன்னோடியான அர்ப்பாநெட் என்னும் அமெரிக்க வலையில், எல்லாக் கணினிகளின் பெயரையும் எண்ணையும் ஒரே பட்டியலாக எழுதி, கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்திருந்தார்கள். எலிசபெத் பெயின்லர் என்னும் அம்மையாரின் தலைமையிலிருந்த அலுவலகம் அதனைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர வேண்டுமானால் அந்த அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்; மற்றவர்கள் பட்டியலை அவ்வப்போது நகலெடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக, ஒரே மேஜையில் எல்லோருடைய கணக்கையும் எழுதுவது நடவாத காரியமாயிற்று. 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பட்டியலைப் பகிர்ந்து வைக்கும் முறையை வகுத்தார். 1987-இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளே இன்றளவும் அடிப்படையாக உள்ளன.

அம்முறை நமக்குப் புதியதன்று. ஒரு சர்வே எண்ணின் உரிமையாளர் யார் என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால், இன்ன வட்டத்தில் கேளுங்கள் என்பார்கள். வட்டத்தில் கேட்டால் இன்ன கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள் என்பார்கள். அவரிடம்தான் விவரம் இருக்கும். மேலே உள்ளவருக்கு எல்லாம் தெரிய வேண்டியதில்லை. கீழே யாரைக் கேட்பது என்று தெரிந்தாற் போதும். ‘நம்சங்கம் டாட் இன்’ என்று ஒரு பெயர் இருப்பதாகக் கொள்வோம். வியாபாரியின் இணைய நிறுவனத்தார் வைத்திருக்கும் விசாரணைக் கணினி முதலில் ‘வேர்’ எனப்படும் தலைமைச் சர்வர்களில் ஒன்றைக் கேட்கிறது. இவை ஏ முதல் எம் வரை 13 எழுத்துப் பெயர்களால் குறிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பெயரிலும் உலகின் பல இடங்களில் பல கணினிகள் உள்ளன. வேர்ச் சர்வர் சங்கத்தை அறியாது. ‘இன்’ பெயர்களை யார் கவனிக்கிறார்கள் என்று மட்டும் கூறும். அவர்களைக் கேட்டால், நம்சங்கத்தின் விவரம் இன்ன நேம் சர்வரில் உள்ளது என்பார்கள். அந்த நேம் சர்வரே ஐ.பி. எண்ணைக் கொடுக்கும். இத்தனை விசாரணையும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

பெயர் வாங்குவதில் மூன்று தரப்பினர் உண்டு என்பதை அங்கத்தினர்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, பதிவேட்டை வைத்திருப்பவர். ‘இன்’ பெயர்களின் பதிவேட்டை, நிக்ஸி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம் 2005 முதல் நடத்தி வருகிறது. இரண்டாவது, அதன் அங்கீகாரம் பெற்று மக்களுக்குப் பெயரைப் பதிந்து தரும் ரெஜிஸ்ட்ரார் கம்பெனி. நாம் பணம் கட்டுவது இவரிடமே. மூன்றாவது, நேம் சர்வரை நடத்துபவர். பெரும்பாலும் ரெஜிஸ்ட்ராரே இதனையும் சேர்த்துக் கொடுப்பதால் இரண்டும் ஒன்றென மயங்குவர். ஒரு சங்கத்தில் நேம் சர்வரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டு, ரெஜிஸ்ட்ராரின் பக்கத்திலேயே எண்ணைத் திருத்தித் திருத்தி இரண்டு நாள் அவதிப்பட்டதை நாம் அறிவோம். கேள்விகள் புதிய நேம் சர்வருக்குச் செல்லும்போது பழைய இடத்தில் எழுதி என்ன பயன்? நேம் சர்வரையும் வீட்டுக் கணினியிலேயே நடத்தலாமே என்று ஆர்வமுள்ள இளைஞர்கள் கேட்பதுண்டு. வேண்டாம் என்பதே நம் கருத்து. குறைந்தது இரண்டு நேம் சர்வர்கள், அவையும் வெவ்வேறு இடங்களில், இருக்க வேண்டும் என்பது நியதி. மின்சாரம் நின்றால் இரண்டும் சேர்ந்து நிற்கும் வீட்டில் அதற்கு இடமில்லை.

எந்தப் பெயரைத் தேர்வது? ‘டாட் இன்’ பெயர் ஆண்டொன்றுக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும். முதலாண்டுக்குக் குறைந்த விலை காட்டி, மறு ஆண்டில் கூடுதலாக வாங்கும் வழக்கம் இவ்வியாபாரத்தில் உண்டாகையால், புதுப்பிக்கும் விலை என்ன என்பதையே கேட்க வேண்டும். கூட்டுறவு ஸ்தாபனங்களுக்கென்றே ‘டாட் கூப்’ என்னும் ஈறும் இருக்கிறது. இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் என்னும் அமைப்பு 2000-இல் தேர்ந்தெடுத்த ஏழு புதிய ஈறுகளில் அதுவும் ஒன்று. 2002 முதல் நடைமுறையில் உள்ளது. கூட்டுறவு ஸ்தாபனம் அல்லாதார் அதனைப் பெற இயலாது. விலையும் சற்று அதிகம். தமிழிலேயே எழுதத்தக்க ‘டாட் இந்தியா’ என்ற ஈறும் உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே அது ஆங்கில எழுத்துக்களாலான ஒரு நீண்ட குறியீடாக மாற்றப்பட்டே வேலை செய்கிறது. சில மின்னஞ்சல் ஏற்பாடுகள் அதனை ஏற்க மறுக்கின்றன. தமிழ்ப் பெயரை இரண்டாவதாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. உறையில் அச்சிட ‘டாட் இன்’ போதும்.

பெயரின் மதிப்பை ஐயுறுவோருக்கு ஒன்று கூறுவோம். இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, கூட்டுறவு வங்கிகள் உட்பட வங்கிகள் யாவும் 2025 அக்டோபர் 31-க்குள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் பெயர்களுக்கு மாற வேண்டுமெனப் பணித்தது. வங்கியின் பெயரைப் போலவே பெயர் வைத்து மக்களை ஏமாற்றுவோர் பெருகியதே அதற்குக் காரணம்.

பெயரைச் சங்கத்தின் பேரில் பதிவதில் ஒரு சூட்சுமம் உண்டு. உரிமையாளர் என்ற இடத்தில் சங்கத்தின் பெயரையும் பதிவு முகவரியையும் எழுதிவிட்டு, மின்னஞ்சல் என்ற இடத்தில் எழுத்தரின் சொந்த முகவரியைக் கொடுத்தால், அது பூட்டைச் சங்கத்திற்கும் சாவியைப் பிறருக்கும் கொடுத்ததாகும். மின்னஞ்சல் முகவரி சங்கத்திற்கென்று தனியாக இருக்க வேண்டும். அதுவும் வாங்கப் போகும் பெயரிலேயே அமைந்த முகவரியாக இருத்தலாகாது. பெயர் காலாவதியானால் எச்சரிக்கைக் கடிதமும் வந்து சேராதன்றோ? ரகசிய எண் வரும் தொலைபேசி, அலுவலகத்தில் இருக்கும் தொலைபேசியாக இருக்கட்டும். நுழைவுச் சொல்லை எழுதி உறையிலிட்டு அரக்கு வைத்து இரும்புப் பெட்டியில் வைப்பது பழைய முறைதான். அதைவிடச் சிறந்த முறையை நாம் கண்டதில்லை.

இனிப் பதிவுகளைப் பற்றி. நேம் சர்வரில் பெயருக்கெதிரே எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. ‘ஏ’ என்னும் பதிவு, பெயருக்கு மேற்சொன்ன நான்கு பகுதி எண்ணைக் கொடுக்கும். ‘நான்கு ஏ’ பதிவு புதிய, நீளமான ஐ.பி. எண்ணுக்குரியது. ‘சி-நேம்’ ஒரு பெயரை மற்றொரு பெயரின்பால் திருப்பிவிடும். ‘எம்.எக்ஸ்.’ மின்னஞ்சல் எங்கே செல்ல வேண்டுமென்று காட்டும். மின்னஞ்சலை மட்டும் வீட்டுச் சர்வரில் நடத்த முற்பட வேண்டாம். வீட்டு இணைப்புகளிலிருந்து வரும் கடிதங்களைப் பெரிய நிறுவனங்கள் சந்தேகித்து ஒதுக்கிவிடும். அதனை அத்தொழிலையே செய்வோரிடம் விட்டு, எம்.எக்ஸ். பதிவை அவர்பால் காட்டினாற் போதும்.

ஒவ்வொரு பதிவுடனும் டி.டி.எல். என்ற ஓர் எண் இருக்கும். இந்த விடையை எத்தனை விநாடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விசாரிப்பவருக்குச் சொல்லும் எண் அது. 3,600 என்றால் ஒரு மணி. 86,400 என்றால் ஒரு நாள். ஐ.பி. எண்ணை மாற்றிவிட்டுப் ‘பக்கம் இன்னும் வரவில்லையே’ என்று பதறுவோர், பழைய விடை பலரிடம் இன்னும் நினைவிலிருப்பதை மறந்துவிடுகிறார்கள். மாற்றம் செய்யப் போவது முன்கூட்டியே தெரிந்தால், முதல் நாளே டி.டி.எல்.ஐ 300 ஆகக் குறைத்து வைக்க வேண்டும். மறுநாள் மாற்றினால் ஐந்து நிமிடத்தில் பெரும்பாலோருக்குத் தெரிந்துவிடும். மற்றொரு வேடிக்கையும் உண்டு. பதிவை எழுதுவதற்கு முன்பே ஆவல் மிகுதியால் பெயரைத் தட்டிப் பார்த்தால், ‘அப்படி ஒன்றில்லை’ என்ற விடையும் நினைவில் வைக்கப்படும். எழுதிய பிறகும் சற்று நேரம் அதே விடைதான் வரும்.

வீட்டுச் சர்வருக்கே உரிய தொல்லை ஒன்றை இப்போது கூற வேண்டும். நான்கு பகுதி ஐ.பி. எண்கள் மொத்தம் சுமார் 429 கோடியே. உலக முழுமைக்குமான பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. ஆகவே இணைய நிறுவனங்கள் பல, ஓர் எண்ணையே பல வீடுகளுக்குப் பொதுவாக வைத்து, உள்ளே வேறு எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. இதற்கென 2012-இல் ஒதுக்கப்பட்ட வரிசை 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்களாகும். ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் இணைப்பின் எண் இவ்வரிசையில் இருக்குமானால், அல்லது 10 என்றோ 192.168 என்றோ தொடங்குமானால், வெளியிலிருந்து ஒருவரும் நேராக அந்த வீட்டை எட்ட இயலாது. நமது சங்கங்கள் பெயரும் கணினியும் வாங்கிய பிறகே இதைக் கண்டு திகைக்கின்றன. முதலில் பார்க்க வேண்டியது இதுவே. பரிகாரம் உண்டு. மாதந்தோறும் சிறு கட்டணத்திற்கு நிலையான எண் கொடுக்கிறீர்களா என்று இணைய நிறுவனத்தைக் கேட்கலாம். நீளமான புதிய எண் கிடைக்கும் இடத்தில் ‘நான்கு ஏ’ பதிவு எழுதலாம். ஆனால் வியாபாரியின் இணைப்பிலும் புதிய எண் இருந்தால்தான் அது அவருக்குத் திறக்கும். இரண்டுக்கும் வழியில்லையேல், வீட்டுக் கணினி தானே வெளியிலுள்ள ஒரு கணினியுடன் சுரங்கம் போன்ற தொடர்பு வைத்து, அதன் வழியே வருவோரை ஏற்கும் முறை உண்டு.

எண் பொதுவில் இல்லாமல் வீட்டிற்கே உரியதாயிருந்தும், ரௌட்டரை நிறுத்தி இயக்குந்தோறும் மாறுவது மற்றொரு வகை. இதற்குக் கணினியிலேயே ஒரு சிறு நிரலை வைத்தால், எண் மாறியதும் அது நேம் சர்வருக்குத் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளும். மேற்கூறிய சங்கத்தில் அந்த நிரல் இருந்திருக்குமானால், இணைப்பு மாறிய அன்றே பெயரும் அதனுடன் சென்றிருக்கும்.

எல்லாம் சரியாக அமைந்த பின்னும் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பக்கம் திறக்காது. வெளியூர் வியாபாரிக்குத் திறக்கும். இதனைக் கண்டு கணினியைக் கழற்றி மாட்டியவர்கள் பலர். உள்ளிருந்து வெளியே சென்று மீண்டும் அதே வாசலில் நுழையும் கேள்வியைப் பல ரௌட்டர்கள் திருப்பிவிடத் தெரியாதவை. கைபேசியில் வை-ஃபையை நிறுத்திவிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். அலுவலகத்திற்குள் மட்டும் அப்பெயருக்கு உள் எண்ணைச் சொல்லும்படி ரௌட்டரில் ஒரு வரி எழுதினால் தீரும்.

ரௌட்டரில் 80, 443 என்னும் இரு வாசல்களை மட்டும் சர்வருக்குத் திறந்தாற் போதும். நம்பகச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் ஸ்தாபனம் இலவசமாகவே தருகிறது. சில வாரங்களுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டுமாகையால் அதனையும் கணினியே செய்யும்படி அமைத்துவிட வேண்டும். மாதிரிகளும் விலைகளும் அந்தக் கணினியில் இருக்கட்டும். அங்கத்தினர்களின் ஆதார் நகல், கூலிப் பட்டியல், பேரேடு ஆகியவை அதில் ஒருபோதும் இருத்தலாகாது. இவ்விஷயத்தில் நாம் சிறிதும் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

காலாவதியான பெயர் மறுநாளே பறிபோய்விடுவதில்லை. ‘டாட் காம்’ போன்ற பெயர்களில் 45 நாள் வரை சாதாரண விலையில் புதுப்பிக்க ரெஜிஸ்ட்ரார் இடம் கொடுக்கலாம்; பின்னர் 30 நாள், மீட்புக் கட்டணம் செலுத்தி வாங்கலாம்; அதன்பின் 5 நாள் கழித்து யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஈற்றிற்கேற்பவும் கம்பெனிக்கேற்பவும் இக்கெடு மாறுபடும். ‘இன்’ பெயரை ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதியலாம். நாம் ஐந்தாண்டு என்போம். பத்தாண்டு என்றால் குழுவில் உள்ள ஒருவருக்கும் தேதி நினைவிராது.

மேற்கூறிய சங்கத்தில் குழுவைக் கூட்டித் தீர்மானம் எழுதினோம். புதிய பெயர் சங்கத்தின் பேரில், சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் செலுத்தி வாங்கப்பட்டது. பெயர், ரெஜிஸ்ட்ரார், நேம் சர்வர், முடியும் தேதி ஆகியவை சொத்துப் பதிவேட்டில் ஏறின. கணினியைப் பரணிலிருந்து இறக்கிச் சங்க அலுவலகத்திற்குக் கொண்டுவந்தார்கள். அந்த இளைஞரே தொலைபேசி வழியாக இரண்டு இரவு உடனிருந்து பதிவுகளை எழுதிக் கொடுத்தார். பழைய பெயரை வாங்கியவர் அதனைத் திருப்பித் தர மிகப் பெரிய தொகை கேட்டமையால் அம்முயற்சியைக் குழுவினர் விட்டுவிட்டனர். உறைகளைப் பற்றி மேலாளர் ஒரு யோசனை கூறினார்: புதிய பெயரைச் சிறு ஒட்டுத்தாளில் அச்சிட்டுப் பழைய பெயரின் மேல் ஒட்டிவிடலாமென்றார். நாம் சம்மதித்தோம். முதல் மூட்டை தீர்ந்து இரண்டாவதைப் பிரித்திருப்பதாகச் சென்ற வாரம் தெரிவித்தார்.